அரியலூர்ச் சுரங்கங்களும் காத்திருக்கும் லாரிகளும்

சுரங்கத் தொழிலில் விரயத்தை ஒழிக்க வேண்டும், அதற்கு ஜப்பானியரின் நிர்வாக முறையையும் யந்திரக் கணக்கையும் கையாள வேண்டும் என்ற பேச்சு இன்று உலகெங்கும் பலமாக அடிபடுகிறது. நமது அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களிலும் இந்தப் பேச்சு வராமலிராது. வரட்டும், நாம் அதை வரவேற்கிறோம். ஆனால் விரயம் என்பது யாருடைய விரயம், அதை ஒழிப்பதால் மிஞ்சுவது யாருடைய பைக்குப் போகிறது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் வரவேற்பது விவேகமாகாது. ‘திறமை’ என்ற சொல்லைக் கேட்டதும் முதலாளிகள் மகிழ்வதும் தொழிலாளர் மிரளுவதும் வழக்கமாகிவிட்டது. இரு தரப்பாரும் விஷயத்தைச் சரிவர ஆராயவில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

அரியலூர்ப் பிரதேசம் ஒரு காலத்தில் கடல். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வரையில் அங்கே கடல் வந்தும் போயும் இருந்திருக்கிறது. அதில் வாழ்ந்த சிப்பிகளும் நத்தைகளும் படிந்து இறுகியதே இன்று நாம் வெட்டும் சுண்ணாம்புக் கல். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பூதத்துவ ஆய்வுத் துறையின் சார்பில் இப்பிரதேசத்தை அடி அடியாக நடந்து ஆராய்ந்தவர் ஹென்றி பிளான்போர்டு. பின்னாளில் இந்திய வானிலை இலாகாவின் முதல் தலைவராக இருந்தவரும் அவரே. மண்ணைப் படித்தவர் பிறகு மழையைப் படிக்கப் போனார்; அரியலூர்ச் சுரங்கக்காரர்களுக்கு இரண்டு படிப்பும் வேண்டும் என்பதைப் பின்னால் சொல்லுவோம்.

சென்னையில் 1904-இல் கடற்சிப்பியைக் கொண்டு சிமெண்டு செய்ய ஒரு சுதேசி முயற்சி நடந்தது, அது நிலைக்கவில்லை. 1939-இல் திருச்சி ஜில்லாவில் டால்மியா ஆலை எழுந்தது. அரியலூரிலோ 1976-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம், அதாவது டான்செம், 1979-இல் சர்க்கார் ஆலையைத் தொடங்கிற்று. பின்னர் ரெட்டிப்பாளையத்தில் இன்று அல்ட்ராடெக் வசமுள்ள ஆலை, கோவிந்தபுரத்தில் ராம்கோ, கீழப்பழுவூரில் செட்டிநாடு, தளவாயில் இந்தியா சிமெண்ட்ஸ், இவை தவிர டால்மியா என்று வரிசையாக வந்துவிட்டன. இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியும் 2024 டிசம்பரில் அல்ட்ராடெக்கின் ஆதிக்கத்துக்குள் போயிற்று. ஒரு டன் கிளிங்கர் செய்ய ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக் கல் வேண்டும். கல்லில் பெரும் பங்கு சூளையில் கரியமில வாயுவாகப் போய்விடுவதால், கல் இருக்குமிடத்துக்கு ஆலை வர வேண்டுமேயன்றி, ஆலை இருக்குமிடத்துக்குக் கல் போவது கட்டுப்படியாகாது. அரியலூர் சிமெண்டு நகரமானதன் காரணம் இதுவே.

இனி, ஜப்பானியரின் முறை. இரண்டாம் உலக யுத்தத்தில் தோற்று, பணமும் இரும்பும் இன்றித் தவித்த நாட்டில், டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையின் என்ஜினீயர் தாயிச்சி ஓனோ இதை வகுத்தார். அமெரிக்கர் கிடங்கு நிறையச் சரக்கைக் குவித்து வைத்துக்கொண்டு தொழில் நடத்தினார்கள். ஜப்பானியருக்குக் குவிப்பதற்குச் சரக்கும் இல்லை, கிடங்கும் இல்லை. ஆகவே, வேண்டிய பொருள் வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு மட்டும் வர வேண்டும் என்று விதி செய்தார்கள். பின் நிலையில் இருப்பவன் சீட்டு அனுப்பிக் கேட்டால்தான் முன் நிலையில் இருப்பவன் பொருளைச் செய்ய வேண்டும். மிகையாய்ச் செய்தல், காத்திருத்தல், வீணே சுமத்தல், தேவைக்கு மேல் பக்குவம் செய்தல், சரக்குத் தேக்கம், வீண் நடமாட்டம், பழுது என்று ஏழு வகை விரயங்களை அவர் கணக்கிட்டார். இம்முறைக்கு ‘லீன்’, அதாவது கொழுப்பற்றது, என்று 1988-இல் ஜான் கிராப்சிக் என்ற அமெரிக்கர் பெயரிட்டார். இது அந்நியச் சரக்கு, நமக்கு ஒத்துவராது என்று சொல்வாருக்கு ஒரு வார்த்தை. சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் தொழிற்சாலை ஜப்பானியரின் டெமிங் பரிசை 1998-இல் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் தொழிற்சாலை அதுதான். நமது கைகளுக்கு இந்த வித்தை புதிதன்று.

ஆனால் தொழிற்சாலை வேறு, சுரங்கம் வேறு. தொழிற்சாலையில் யந்திரம் ஓரிடத்தில் நிற்கும், பொருள் நகரும். சுரங்கத்தில் யந்திரமே நாள்தோறும் நகர்ந்துகொண்டிருக்கும். துளை போடுதல், வெடி வைத்தல், எக்ஸ்கவேட்டரால் அள்ளுதல், டம்பரில் ஏற்றுதல், கிரஷரில் கொட்டி உடைத்தல் என்று கல் கடந்து செல்லும் படிகள் பல. வெடி சரியாக வைக்கப்படாவிட்டால் பாறை பெரிய பெரிய குண்டுகளாகப் பெயரும். அள்ளும் யந்திரம் திணறும். கிரஷரின் வாயில் கல் அடைத்துக்கொள்ளும். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் நிற்கும். ஆக, துளை போட்டவன் செய்த பிழைக்கு இரண்டு மணி நேரம் கழித்து வண்டி ஓட்டுபவன் தண்டனை அனுபவிக்கிறான். எட்டு மணி நேர முறை மூன்று. முறை மாறும்போதெல்லாம் அரை மணி நேரம் யந்திரம் சும்மா நின்றால், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம், அதாவது நூற்றுக்கு ஆறேகால் பங்கு போயிற்று. புதிய யந்திரம் வாங்கக் கடன் கேட்கும் நிர்வாகிகள் முதலில் இந்த ஆறேகால் பங்கைத் தேடிப் பிடிக்கட்டும்.

சாலையையும் கவனிக்க வேண்டும். சுரங்கத்துக்குள் வண்டி ஓடும் பாதை மேடும் பள்ளமுமாக, சேறும் சரளையுமாக இருந்தால், சக்கரத்துக்கு ஏற்படும் தடை மிகுகிறது. அத்தடை நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால், வண்டி எப்பொழுதும் நூற்றுக்கு ஒன்று சரிவுள்ள மேட்டில் ஏறிக்கொண்டிருப்பதற்குச் சமம் என்பது என்ஜினீயர்களின் கணக்கு. டீசலும் டயரும் அதிலே தீர்கின்றன. டயர் பெரம்பலூர் ஜில்லா நாரணமங்கலத்திலேயே தயாராகிறது என்பதற்காக அதை அரியலூரில் தாராளமாய்த் தேய்க்கலாமென்று யாரும் வாதிட மாட்டார்கள்.

அடுத்தது சிமுலேஷன் என்னும் பாவனைக் கணக்கு. பெயர் பயமுறுத்துகிறதே தவிர விஷயம் எளிது. ஓர் எக்ஸ்கவேட்டர் ஒரு டம்பரை நிரப்ப 4 நிமிஷம் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். வண்டி கிரஷருக்குப் போய்க் கொட்டிவிட்டுத் திரும்ப 16 நிமிஷம். ஒரு சுற்றுக்கு 20 நிமிஷம். ஆகவே 5 வண்டிகள் போதும், மணிக்கு 15 நடை கல் போய்ச் சேரும். காகிதத்தில் இது சரி. ஆனால் ஒரு சமயம் 4 நிமிஷம் 6 ஆகிறது, மற்றொரு சமயம் 3 ஆகிறது; வழியில் ஒரு வண்டி நிற்கிறது; இரண்டு வண்டிகள் சேர்ந்து வந்துவிடுகின்றன. ஒரு நேரம் வண்டி இல்லாமல் யந்திரம் சும்மா நிற்கிறது. மறு நேரம் யந்திரம் கிடைக்காமல் வண்டி நிற்கிறது. இழந்த நிமிஷம் திரும்புவதில்லை. 15 நடை 12 ஆகிறது. மேஸ்திரி என்ன செய்கிறார்? இன்னும் மூன்று வண்டிகளைச் சேர்க்கிறார். 8 வண்டிகள் இருந்தாலும் யந்திரம் மணிக்கு 15-க்கு மேல் நிரப்பாது. ஆகையால் ஒவ்வொரு வண்டியின் சுற்றும் 32 நிமிஷமாக நீண்டு, அதில் 12 நிமிஷம் வரிசையில் கழிகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேரம் டீசலை எரித்துக்கொண்டு நிற்பதற்காகவே அந்த வண்டிகள் வாங்கப்பட்டனவா?

5-க்கும் 8-க்கும் இடையே எது சரி என்பதைச் சுரங்கத்தில் வண்டிகளை விட்டுப் பரீட்சை பார்த்தால் மாதக்கணக்காகும், பணமும் பாழாகும். அதற்குப் பதிலாகத் தாயக்கட்டையை உருட்டிப் பார்க்கலாம். கட்டை விழுந்தபடி இந்த வண்டிக்கு 3 நிமிஷம், அடுத்ததற்கு 6 நிமிஷம் என்று எழுதிக்கொண்டே போனால், ஒரு முழு நாளின் வேலையை ஒரு திண்ணையில் உட்கார்ந்தபடியே நடத்திப் பார்த்துவிடலாம். யந்திரக் கணிதம் செய்வது இதையே. ஆயிரம் நாட்களைச் சில நொடிகளில் உருட்டிவிடுகிறது, அவ்வளவுதான். 1946-இல் நோய்ப்பட்டுத் தேறிவந்த ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணித மேதை, பொழுதுபோக்காகச் சீட்டாடிக்கொண்டிருக்கையில் இந்த யோசனையைக் கண்டார். சூதாட்டத்துக்குப் பேர்போன மாண்டி கார்லோ ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1960களிலிருந்து சுரங்கங்களில் வண்டிப் போக்கைக் கணக்கிட இது பயன்பட்டு வருகிறது. நமது பாலிடெக்னிக் மாணவர் ஒருவர், கையில் கடிகாரத்துடன் ஒரு வாரம் கிரஷர் அருகே நின்று நிமிஷங்களைக் குறித்து வந்தால், மிச்சக் கணக்கை இன்று எந்தச் சாதாரணக் கம்ப்யூட்டரும் போட்டுவிடும். லட்சக்கணக்கில் கொடுத்து அந்நியக் கம்பெனியின் யோசனையை வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்க்க எவ்வளவு செலவாகும்?

இப்போது நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் பொதுச் சாலையில், கிராமங்களுக்கிடையே, பள்ளிக்கூடங்களைக் கடந்து ஓடுகின்றன. அவற்றின் வேகத்தைப் பற்றியும் அவற்றால் நேரும் விபத்துகளைப் பற்றியும் அரியலூர் ஜனங்கள் முறையிட்டு வருவது இன்று நேற்றல்ல. போலீசார் வேகக் கட்டுப்பாடு வைக்கிறார்கள், வழக்குப் போடுகிறார்கள், ஓட்டுநரைத் தண்டிக்கிறார்கள். வேகம் எங்கே பிறக்கிறது என்று யாரும் விசாரிக்கவில்லை. ஒரு முறை அரியலூர்ச் சாலையோரத் தேநீர்க் கடையில் ஒரு லாரி ஓட்டுநரோடு பேச நேர்ந்தது. “ஏனப்பா இவ்வளவு வேகம்?” என்று கேட்டோம். “நடைக்குத்தானுங்க ஐயா கூலி. கேட்டு வாசலில் மூணு மணி நேரம் நின்னா அதுக்கு யாரு குடுப்பாங்க? நின்னதை ஓடித்தானே பிடிக்கணும்?” என்றார். நாம் சட்டம் படித்தவர்கள். ஆயினும் அவர் கேட்டதற்கு அப்போது பதில் சொல்ல முடியவில்லை.

அவர் சொன்னதில் முழுக் கணக்கும் அடங்கியிருக்கிறது. வாசலில் சேரும் வரிசை வாசலோடு நிற்பதில்லை; அது வேகமாக மாறிச் சாலையில் ஓடுகிறது. காத்திருப்பு என்னும் விரயத்தை ஆலை உண்டாக்குகிறது. அதன் செலவை ஓட்டுநர் தம் தூக்கத்தாலும், சாலையில் நடக்கும் ஜனங்கள் தம் உயிராலும் செலுத்துகிறார்கள். ஆலையின் புத்தகத்தில் அச்செலவு எங்குமே எழுதப்படுவதில்லை. எழுதப்படாத செலவைக் குறைக்க எந்த நிர்வாகியும் முனைய மாட்டார். சுரங்க வாயிலுக்குள் ஓடும் வண்டிக்குச் சுரங்க விதிகள், வாயிலைத் தாண்டியதும் மோட்டார் வாகனச் சட்டம் என்று சட்டமும் வாசலிலேயே இரண்டாக அறுபட்டுக் கிடக்கிறது. ஒரே கல், ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர். பொறுப்பு மட்டும் இரண்டு.

இதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேடவேண்டியதில்லை. துறைமுகத்தில் சரக்கு இறக்கத் தாமதமானால், குறித்த காலத்துக்கு மேல் கப்பல் நின்ற ஒவ்வொரு நாளுக்கும் கப்பலை அமர்த்தியவர் கப்பல்காரருக்குத் தாமதக் கட்டணம் கொடுக்கிறார். ‘டெமரேஜ்’ என்று இதைச் சொல்வார்கள். ரயில்வேயும் தன் வாகன்களைக் குறித்த மணிக்குள் காலி செய்யாதவரிடம் இக்கட்டணத்தைக் கறாராக வசூலிக்கிறது. சிமெண்டு ஆலைகளுக்கு இது நன்றாகத் தெரியும். நிலக்கரி ரேக் வந்தால் மணியைப் பார்த்து இறக்குகிறார்கள். ரயில்வேக்கு உள்ள உரிமை லாரி ஓட்டுநருக்கு மட்டும் ஏன் இல்லை? கல் ஏற்றும் ஒப்பந்தங்கள் அனைத்திலும், வாசலில் முதல் அரை மணிக்கு மேல் நிற்கும் நேரத்துக்கு ஆலை கட்டணம் கொடுக்க வேண்டும், அதில் பெரும் பங்கு ஓட்டுநர் கைக்குப் போக வேண்டும் என்று விதி ஏற்படட்டும். மறுமாதமே எல்லா ஆலைகளிலும் பாவனைக் கணக்குப் போடப்படும் என்று நாம் துணிந்து கூறுகிறோம். கிரஷர் காலியாகும் நேரம் பார்த்து வண்டிக்குச் சீட்டுக் கொடுத்து அழைக்கும் ஓனோவின் முறையும் தானே வந்து சேரும்.

ஜப்பானிய முறையை அப்படியே விழுங்கச் சொல்வாரையும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சரக்குத் தேக்கமே கூடாது என்பது மோட்டார்த் தொழிற்சாலைக்குப் பொருந்தலாம். சிமெண்டுச் சூளை இரவும் பகலும் 1,450 டிகிரிச் சூட்டில் எரிவது. கல் வரவில்லையென்று அதை அணைத்தால், உள்ளே பதித்த செங்கல் வெடிக்கும், மறுபடி சூடேற்ற எரிபொருள் கொள்ளை போகும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது குழிகளில் நீர் நிரம்பிவிடும். அப்போது கையிருப்புக் கல் இல்லாத ஆலை என்ன செய்யும்? எத்தனை நாள் கல் கையிருப்பு வேண்டுமென்பதற்குப் பழைய மழைக் கணக்குகளை வைத்துப் பாவனையாய் ஓட்டிப் பார்ப்பதே சரியான வழி. பிளான்போர்டு துரையின் இரண்டு படிப்பும் வேண்டுமென்று சொன்னது இதற்காகத்தான்.

இன்னொன்று. குவியல் வெறும் தேக்கமன்று. கலப்பதற்கு உதவும் சாதனமும் அதுவே. உயர்ந்த ரகக் கல்லோடு தாழ்ந்த ரகத்தைக் கணக்காய்க் கலந்தால், குப்பையென்று தள்ளும் கல்லும் சிமெண்டாகும். கோடி கோடி ஆண்டுகளில் விளைந்த பொருளில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை மட்டும் வேகமாய்த் தோண்டுவதைத் திறமை என்று சொல்ல நாம் தயாராயில்லை.

தொழிலாளர் சங்கத்தார் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பில்பரா இரும்புச் சுரங்கங்களில் 2008 முதல் ஓட்டுநரில்லாத வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. ஆட்குறைப்புக்கு ‘லீன்’ என்று அழகிய பெயர் சூட்டும் நிர்வாகிகள் நம் நாட்டிலும் உண்டு. அவர்கள் டொயோட்டாவின் சரித்திரத்தைப் படித்தாரில்லை. 1950-இல் அங்கே ஆட்குறைப்பின் பேரில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. ஸ்தாபகரான கியிச்சிரோ டொயோடாவே பொறுப்பேற்று ராஜிநாமா செய்தார். மிஞ்சியவர்களை இனி வேலையை விட்டு அனுப்புவதில்லை என்ற உறுதி அதன் பின்னரே ஏற்பட்டது. வேலை போகாது என்று நம்பியதால்தான் ஜப்பானியத் தொழிலாளி விரயம் எங்கே என்று தானே முன்வந்து காட்டினான். இங்கே அந்த உறுதியைக் கொடுக்காமல், ஒப்பந்தக் கூலிகளை வைத்துக்கொண்டு, யோசனை மட்டும் சொல்லுங்களென்றால் எந்த மடையன் சொல்லுவான்?

நிலத்தின் விரயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜயங்கொண்டம் பக்கத்தில் 1990களில் பழுப்பு நிலக்கரிக்கென்று சர்க்கார் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தைக் குடியானவர்களிடமிருந்து ஆர்ஜிதம் செய்தார்கள். நஷ்டஈட்டு வழக்குகள் ஆண்டுக்கணக்காய் நடந்தன, நிலக்கரியோ தோண்டப்படவேயில்லை. ஓனோ கணக்கிட்ட சரக்குத் தேக்கத்துக்கு இதைவிடப் பெரிய உதாரணம் அகப்படுமா? தேவை வருமுன் ஒரு நட்டைக்கூட வாங்காதே என்றார் அவர். நாம் தேவை வருமுன் ஊர்களையே வாங்கி வைத்தோம்.

வரியும் இதில் வந்து சேருகிறது. தாதுப் பொருளுக்குச் செலுத்தும் ராயல்டி ஒரு வரியே என்று 1989-இல் நமது நாட்டில் எழுந்த இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்து, மாநில சர்க்காரின் கையைக் கட்டிற்று. 2024 ஜூலை 25-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றி, ராயல்டி வரியல்ல, தாதுவுள்ள நிலத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்றது. தமிழ்நாடு சர்க்கார் உடனே சட்டமியற்றி, 2025 ஏப்ரல் முதல் சுண்ணாம்புக் கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் விதித்தார்கள். ஆலைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நாம் அவ்வரியைக் குறை கூறவில்லை. ஆனால் அவ்வரியும், ராயல்டியுடன் சேர்த்து 2015 முதல் ஜில்லா கனிம நிதிக்குப் போகும் தொகையும், அரியலூர்ச் சாலைக்கும் நீர் தேங்கிய பழங்குழிகளுக்கு வேலி போடுவதற்கும் திரும்பி வருகின்றனவா என்று கேட்கிறோம். கல் லாரிகளுக்கென்று தனிப் பாதை போட்டுவிட்டால் பள்ளிக்கூடத்து வாசலில் அவை ஓட வேண்டியதில்லை.

பெரம்பலூர் ஜில்லாவின் நிலைமை வேறு. அங்கே பெரிய ஆலைகள் இல்லை. கருங்கல் குவாரிகளும் ஜல்லி கிரஷர்களும் உண்டு. சிறு முதலாளிகளிடம் என்ஜினீயரும் இல்லை, கணக்கும் இல்லை. அவர்கள் சங்கமாய்ச் சேர்ந்து பொதுவில் ஒரு கணக்கரை அமர்த்திக்கொள்வது நலம். அதற்கு மேல் அவர்களுக்கு இப்போது சொல்ல எதுவுமில்லை.

ஆனால் டான்செமுக்குச் சொல்ல இருக்கிறது. அது ஜனங்களின் ஆலை. ஆண்டுக்கு 10 லட்சம் டன் சிமெண்டு செய்யும் புதிய பகுதியும் அதில் சேர்ந்திருக்கிறது. 2021 நவம்பரில் ‘வலிமை’ என்ற பெயரில் சிமெண்டும் வெளியிட்டது. தனியார் ஆலைகள் தங்கள் கணக்கை மூடி வைத்துக்கொள்ளலாம். டான்செம் மூடி வைக்க நியாயமில்லை. அரியலூர்ப் பகுதி அங்கத்தினர்கள் அடுத்த சட்டசபைக் கூட்டத்தில் மந்திரியிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும். டான்செம் ஆலை வாசலில் கல் லாரி ஒன்று சராசரி எத்தனை நிமிஷம் நிற்கிறது? அந்த நேரத்துக்கு ஓட்டுநருக்கு என்ன கொடுக்கப்படுகிறது? இதுவரை யாராவது அதை அளந்து பார்த்திருக்கிறார்களா? மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், திருச்சியிலிருந்தோ அரியலூரிலிருந்தோ நான்கு மாணவர்களைக் கடிகாரத்துடன் மறுநாளே அனுப்பிவைக்கலாம்.